மேசைமேல் போர்க்களம் – 9: டைனோசருக்குச் சிறகு முளைத்தது

சென்ற இதழில், நடிகர் பீட்டர் குஷிங் 1956இல் செய்திப்படக்காரர்கள் முன்னிலையில் தன் குட்டிச் சிப்பாய்களை அணிவகுக்க வைத்த காட்சியோடு நிறுத்தியிருந்தோம். அந்தச் சிப்பாய்கள் எல்லோரும் மனிதர்கள். அவர்கள் போட்டிருந்த சட்டைக்கும் தொப்பிக்கும் வரலாற்றில் சான்று உண்டு. இந்த இதழில் மேசைக்கு வருகிறவர்களுக்கு அப்படிச் சான்று எதுவும் கிடையாது. ஏனென்றால் அவர்கள் பூமியில் நடமாடியதே இல்லை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்றொரு சிற்றூர். கோடையில் சிகாகோக்காரர்கள் ஏரிக் காற்று வாங்க வருவார்கள். மற்ற மாதங்களில் ஊர் தன் பாட்டுக்கு இருக்கும். அங்கே ஒரு வீட்டின் நிலவறையில் மணல் நிரப்பிய பெரிய மேசை ஒன்று கிடந்தது. வீட்டுக்காரர் கேரி கைகாக்ஸ். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1970இல் அந்த வேலை போனது. பிறகு காலணி பழுது பார்த்துக் குடும்பம் நடத்தினார். வார இறுதியானால் நண்பர்கள் அந்த மணல் மேசையைச் சுற்றிக் கூடுவார்கள். மணலைக் குவித்தால் குன்று, கோடு இழுத்தால் ஆறு. ஜெர்மனியில் தயாரான நான்கு சென்டிமீட்டர் உயர எலாஸ்டோலின் வீரர்களை நிறுத்தி, மத்தியகால ஐரோப்பியப் போர்களை ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கூட்டத்திலிருந்த ஜெஃப் பெரென் எழுதிய சுருக்கமான விதிகளை விரித்து, கைகாக்ஸ் 1971இல் 'செயின்மெயில்' என்ற சிறு நூலாக்கினார். நூலின் கடைசிப் பக்கங்களில் ஓர் இணைப்பு. மந்திரவாதி, டிராகன், ஆர்க், பூதம் ஆகியவற்றைப் போரில் இறக்கினால் எப்படி ஆடுவது என்பதற்கான விதிகள் அவை. அமெரிக்காவில் டோல்கீனின் நாவல்கள் 1965இல் மலிவுப் பதிப்பாக வந்து கல்லூரி மாணவர்களிடையே பரவியிருந்த காலம் அது. அந்த வாசகர்கள்தான் இந்த மேசைகளைச் சுற்றியும் இருந்தார்கள்.

இந்த இணைப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. மந்திரவாதி எறியும் தீக்கோளம் எவ்வளவு இடத்தை அழிக்கும்? பெரிய கவண் எறியும் கல் எவ்வளவு இடத்தை அழிக்குமோ அவ்வளவு. அவன் ஏவும் மின்னல்? பீரங்கிக் குண்டின் கணக்கு. மந்திரத்துக்கென்று புதிய கணிதம் எதையும் அவர்கள் தேடவில்லை. கையிலிருந்த போர்க்கருவிகளின் அளவுகோலை எடுத்து மந்திரவாதியின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

விதி எழுதுவது எளிதாக முடிந்தது. மேசையில் எதை நிறுத்துவது என்பதுதான் சிக்கல். கடையில் நெப்போலியன் காலத்துக் குதிரைப்படை கிடைக்கும், ரோமானியக் காலாட்படை கிடைக்கும், டிராகன் கிடைக்காது. கைகாக்ஸ் ஒரு பிளாஸ்டிக் டைனோசர் பொம்மையை வாங்கி, அதற்குச் சிறகு ஒட்டி, வண்ணம் பூசி டிராகனாக்கினார். பெரிய அளவுப் பொம்மை மனிதன் ஒருவன், சிறிய வீரர்களுக்கு நடுவே நின்றால் அரக்கன் ஆகிவிடுவான். கைக்குக் கிடைத்ததை வெட்டி, ஒட்டி, பூசி வேறொன்றாக்கும் இந்தப் பழக்கத்தில்தான் கற்பனை உருவக் கலை தொடங்குகிறது. ஆலைகள் வந்தது பிறகு.

இன்னொரு சம்பவம் இதைவிடச் சுவையானது. மலிவு விலைக் கடைகளில், ஹாங்காங்கில் செய்த பிளாஸ்டிக் பிராணிகள் ஒரு பையில் போட்டு விற்கப்பட்டன. வாங்குவது குழந்தைகள். உள்ளே இருந்தவை எந்த விலங்கு நூலிலும் இல்லாத விசித்திரங்கள். ஒன்றுக்கு வாலின் நுனியில் காற்றாடி போல ஏதோ இருந்தது. இன்னொன்று முதுகில் ஓடு போர்த்திய, அகன்ற வாய்க்காரன். அந்த அச்சைச் செதுக்கியவர் யாரோ, என்ன நினைத்துச் செதுக்கினாரோ! கைகாக்ஸ் அவற்றை மேசையில் நிறுத்தினார். நிறுத்தியபின் பெயர் வைத்தாக வேண்டும். பெயர் வைத்தால் குணமும் சொல்ல வேண்டும். வால்காற்றாடிக்காரன், தொட்ட இரும்பைத் துருவாக்கும் பிராணியானான். வேறொன்று ஆந்தைத் தலையும் கரடி உடலும் கொண்ட ஆந்தைக்கரடி என்று பெயர் பெற்றது. ஓடு போர்த்தியவனுக்கு டிம் காஸ்க், மண்ணைப் பிளந்து வரும் நிலத்துச் சுறா என்று வரலாறு எழுதினார்; 1976இல் 'தி டிராகன்' இதழின் முதல் எண்ணிலேயே அது வந்தது. முதலிரண்டும் அதற்கு முந்தைய ஆண்டே நூலேறிவிட்டன. வழக்கமாகக் கதை முதலில் வரும், பொம்மை பிறகு வரும். இங்கே பொம்மை முன்னால் வந்து, தனக்கான கதையைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

இதே காலத்தில் பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில் டேவ் ஆர்னெசன் என்ற மாணவர், நெப்போலியன் காலப் போருக்காக வந்த நண்பர்களைத் திகைக்க வைத்தார். மேசைப்பந்து ஆடும் மேசையின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கோட்டை நின்றது. அது ரயில் மாதிரிகளுக்குப் பக்கத்தில் வைப்பதற்காக ஜெர்மனியில் தயாரான பெட்டிக் கோட்டை. அதற்கு அவர் பிளாக்மூர் என்று பெயரிட்டார். வந்தவர்கள் படை நடத்தவில்லை. ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்தக் கோட்டைக்கு அடியிலிருந்த சுரங்கங்களுக்குள் இறங்கினார்கள். கைகாக்ஸும் ஆர்னெசனும் சேர்ந்து 1974 ஜனவரியில் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த இரண்டு மேசைகளும் சேர்ந்து பெற்ற பிள்ளை. முதல் அச்சு ஆயிரம் பிரதி, விலை பத்து டாலர். பெட்டிகளை வீட்டில் உட்கார்ந்து கையால் அடுக்கினார்கள்.

அந்த ஆட்டத்துக்குக் காகிதமும் பென்சிலும் பகடையும் போதும், உருவம் கட்டாயமில்லை. அப்படியானால் உருவம் வார்ப்பவர்களின் தொழில் படுத்திருக்க வேண்டுமல்லவா? நடந்தது நேர் எதிர். தான் வாரக்கணக்கில் நடித்துக்கொண்டிருக்கும் வீரன் எப்படி இருப்பான் என்று பார்க்க ஒவ்வொரு ஆட்டக்காரரும் ஆசைப்பட்டார். நூறு சிப்பாய்களை ஒரே மாதிரி பூசியவர்கள் இருந்த உலகத்தில், ஒரே ஓர் உருவத்தின் முன் பத்து இரவுகள் உட்காரும் மனிதர் தோன்றினார். வண்ணக்கலைக்கு இதனால் என்ன நேர்ந்தது என்பதைச் சற்று நிதானித்துச் சொல்ல வேண்டும்.

வரலாற்றுப் படைகளுக்கு வண்ணம் பூசுகிறவர் முதலில் ஆவணத்தைத் திறப்பார். வாட்டர்லூ காலத்துப் பிரிட்டிஷ் காலாட்படைக்குச் சிவப்புச் சட்டை. காலரிலும் கைப்பட்டியிலும் உள்ள நிறத்தைப் பார்த்துத்தான் எந்தப் படைப்பிரிவு என்று சொல்ல முடியும். 95ஆம் ரைஃபிள் படைக்குப் பச்சைச் சட்டை, கறுப்புக் கைப்பட்டி. பொத்தான் வரிசை தவறினால்கூடப் பக்கத்து மேசைக்காரர் சுட்டிக்காட்டுவார். இது ஒரு தவம்தான். அதைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. ஆனால் அங்கே நிறத்தைத் தீர்மானிப்பவர் ஆவணக்காரர். பூசுகிறவரின் வேலை அதைப் பிசகாமல் பின்பற்றுவது.

ஆர்க்கின் தோல் என்ன நிறம்? எந்த ஆவணக் காப்பகமும் பதில் சொல்லாது. டோல்கீன் எழுதிய ஆர்க்குகள் பச்சை அல்ல. கைகாக்ஸின் ஆட்டத்துப் பழைய ஓவியங்களில் ஆர்க்குக்குப் பன்றி மூஞ்சி. 1980களில் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் இருந்த தூரிகைக்காரர்கள் அவற்றுக்கு அடர்பச்சை பூசினார்கள். 1994இல் வந்த 'வார்கிராஃப்ட்' கணினி விளையாட்டிலும் ஆர்க் பச்சை. இன்று உலகத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் பச்சை என்றுதான் சொல்லும். ஒரு விரல் கணு உயர உருவத்தில் தொடங்கிய தீர்மானம் ஒரு முழு இனத்தின் நிறமாக நிலைத்துவிட்டது. கற்பனை உருவங்கள் தூரிகைக்கு வாங்கிக் கொடுத்த விடுதலை இது. இந்த வரலாற்றில் விதி எழுதியவர்களின் பெயர்களுக்கு நிகராகப் பூசியவர்களின் பெயர்களையும் வைக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

முதலில் செதுக்கியவர்களைப் பார்ப்போம். ஓஹையோ மாநிலத்துச் சின்சினாட்டியில் 1975இல் தொடங்கிய ரால் பார்த்தா நிறுவனத்தின் சிற்பி டாம் மையர். பள்ளி வயது தாண்டாத பையன். நிறுவனத்தின் பெயரே ஓர் ஆட்டத்து மந்திரவாதியின் பெயர். மையர் கையில் எடுத்தது எபாக்ஸி மாவு. அது நீலப்பட்டையும் மஞ்சள் பட்டையுமாக வரும்; இரண்டையும் பிசைந்தால் பச்சையாகி, சில மணி நேரத்தில் கல்லாக இறுகும். அந்த அவகாசத்துக்குள் ஊசி முனையால் கண்ணிமையும் கயிற்று முறுக்கும் கீற வேண்டும். இந்த மாவைச் சிற்றுருவச் சிற்பத்துக்குக் கொண்டுவந்த முன்னோடி என்று மையரைத்தான் சொல்கிறார்கள். மூல உருவத்தை இரண்டு ரப்பர் வட்டுகளுக்கு நடுவில் வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ரப்பரை இறுக்கி அச்செடுப்பார்கள். பிறகு அந்த வட்டைச் சுழலவிட்டு, உருகிய ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை நடுத்துளையில் ஊற்றுவார்கள். சுழற்சி விசை உலோகத்தை வாள் நுனிவரை தள்ளிக்கொண்டு போகும். இவ்வளவு எளிய கருவி என்பதால்தான், வீட்டுப் பின்கட்டில்கூட ஒரு நிறுவனம் தொடங்க முடிந்தது.

இங்கிலாந்தில் கதை இன்னும் வேகமாக ஓடியது. லண்டனில் 1975இல் ஒரு வாடகை வீட்டில் ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன், ஜான் பீக் என்ற மூன்று நண்பர்கள் மரத்தில் விளையாட்டுப் பலகை செய்து விற்கத் தொடங்கினார்கள். அதுதான் கேம்ஸ் வொர்க்‌ஷாப். அவர்கள் பிரையன் ஆன்செலுடன் கைகோத்து, நியூவர்க் நகரில் சிட்டடெல் மினியேச்சர்ஸ் என்ற வார்ப்பகத்தை நிறுவினார்கள். ஆன்செலுக்கு ஒரு கணக்கு தெளிவாகத் தெரிந்தது. பாத்திரமேற்று ஆடுகிறவர் ஆளுக்கு ஓர் உருவம் வாங்குவார். படை நடத்துகிறவர் நூறு வாங்குவார். கற்பனை உருவங்களை நூற்றுக்கணக்கில் நிறுத்தி ஆடும்படி ஒரு விதிநூல் வந்தால்? ரிக் பிரீஸ்ட்லி, ரிச்சர்ட் ஹாலிவெல், ஆன்செல் மூவரும் எழுதி, 1983இல் 'வார்ஹாமர்' வந்தது. உருவம் விற்கப் பிறந்த விதி அது. இதைச் சொல்வதால் அதன் பெருமை குறைந்துவிடாது. வணிகம் திறந்த கதவு வழியாக அலன் பெரி, மைக்கேல் பெரி என்ற இரட்டைச் சிற்பிகளும், கோப்ளின் முகங்களில் நூறு விதக் குறும்பைச் செதுக்கிய கெவ் ஆடம்ஸும், ஓவியர் ஜான் பிளாஞ்சும் உள்ளே வந்தார்கள்.

அவர்கள் வளர்த்த பூச்சு முறைக்கு அடிப்படை ஓர் ஒளியியல் உண்மை. ஆளுயரச் சிலையில் துணி மடிப்புக்குள் இருள் தானாகவே தங்கும். ஓர் அங்குல உருவத்தில் மடிப்பின் ஆழம் மயிரிழை அளவு. அறை விளக்கு அதற்குள் நிழல் விழ விடாது. ஆகவே நிழலையும் வெளிச்சத்தையும் வண்ணத்தாலேயே தீட்டியாக வேண்டும். முதலில் வார்ப்பின் ஓரக்கோட்டை அரத்தால் தேய்த்து, அடிப்பூச்சு கொடுப்பார்கள். அதன்மேல் சதைக்கும் துணிக்கும் உரிய நிறம். பிறகு நீர்த்த கருஞ்சாயத்தை உருவம் முழுக்க ஓடவிட்டால், அது மேடுகளிலிருந்து வழிந்து பள்ளங்களில் தேங்கும், அதுதான் நிழல். கடைசியில் தூரிகையை வெளிர்நிறத்தில் தோய்த்து, துணியில் துடைத்து, ஏறக்குறைய வறண்ட மயிரால் மேலாக வருடுவார்கள். வண்ணம் மேடுகளில் மட்டும் பற்றும், அதுதான் வெளிச்சம். உலர்தூரிகை என்று பெயர். முதன்முறை செய்கிறவருக்கு, மொழுக்கென்று கிடந்த உலோகத்தில் கவசத்தின் ஒவ்வொரு வளையமும் எழுந்து வரும் அந்தக் கணம் மறக்காது. எனக்கும் மறக்கவில்லை. கண்ணில் வைக்கும் புள்ளியைக் கடைசிக்கு விடுவாரும் உண்டு, முதலிலேயே வைப்பாரும் உண்டு. மூச்சை அடக்கிக்கொண்டு வைக்க வேண்டும் என்பதில் மட்டும் இரு கட்சியும் ஒன்று.

முந்தைய தலைமுறை எனாமல் வண்ணத்தை நம்பியிருந்தது. டர்பன்டைன் வாசனை, ஒரு பூச்சு காய ஓர் இரவு. 1980களின் நடுவில் சிட்டடெல் தன் பெயரிலேயே நீரில் கரையும் அக்ரிலிக் குப்பிகளை விற்றது. அரை மணியில் காயும், தூரிகையைத் தண்ணீரில் அலசினால் போதும் என்றானபின், சமையலறை மேசையில் பள்ளிப் பிள்ளைகள் பூச உட்கார்ந்தார்கள். 1987இல் தொடங்கிய 'கோல்டன் டீமன்' போட்டியில், எல்லாப் பிரிவுக்கும் மேலான வெற்றியாளருக்கு நிஜமான வாள் ஒன்றைப் பரிசாகத் தந்தார்கள். அங்குல வாள் தீட்டியவருக்கு ஆளுயர வாள்!

இனி நிலம். உருவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிலத்தை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. இத்தொடரின் தொடக்க இதழ்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நம் நாட்டுச் சதுரங்கம் தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையைக் கொண்டுபோய்க் கொடுத்தது. ஆனால் அதன் பலகையில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. 1780இல் ஜெர்மனியின் ஹெல்விக், சதுரங்கப் பலகையை ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட கட்டங்களாக விரித்து, மலைக்குச் சிவப்பு, நீருக்கு நீலம் என்று கட்டங்களுக்கே வண்ணம் கொடுத்தார். 1812இல் ரைஸ்விட்ஸ், பிரஷ்ய மன்னருக்காக ஒரு மேசை செய்தார். அதன்மேல் அடுக்க, குன்றும் பள்ளமும் புடைத்து நிற்கும்படி வார்த்து வண்ணம் தீட்டிய சுண்ணச் சாந்துச் சதுரங்கள். மாற்றி மாற்றி அடுக்கினால் ஒவ்வொரு நாளும் புதிய நாடு. ஆனால் 1824இல் அவர் மகன், இந்த அழகையெல்லாம் ஒதுக்கிவிட்டு 1:8000 அளவு வரைபடத்துக்கு மாறினார். ராணுவத்துக்குத் துல்லியம் போதும். ராணுவம் வரைபடத்தோடு போய்விட்டது. புடைத்த நிலத்தை மீட்டெடுத்தவர்கள் விளையாட்டுக்காரர்கள்தான். எழுத்தாளர் வெல்ஸ் மரக்கட்டைகளையும் மரக்கிளைகளையும் வைத்து விளையாட்டு நாடு கட்டியதை முந்தைய இதழ்களில் பார்த்தோம்.

கற்பனைப் போர்க்காரர்கள் ரயில் மாதிரி செய்கிறவர்களிடம் பாடம் கற்றார்கள். சாயமேற்றிய மரத்தூள் புல்லானது. உலர்ந்த பாசிக்கொத்து புதரானது. தெர்மாகோலைச் சூடான கம்பியால் அறுத்து, வெள்ளைப் பசை தடவி, மணல் தூவி, கரும்பழுப்பு பூசி, உலர்தூரிகையால் வருடினால் பாறை. மேலே உருவத்துக்குச் சொன்ன அதே வித்தைதான் மலைக்கும்.

ஆனால் ரயில்காரருக்கு இல்லாத ஒரு தொல்லை போர்க்காரருக்கு உண்டு. அவர் செய்யும் மலைமேல் ஈய வீரர்கள் நிற்க வேண்டும். இயற்கையான சரிவு கொடுத்தால் கனத்த உருவம் வழுக்கி விழுந்து, மூன்று இரவு உழைத்த பூச்சு பெயர்ந்துபோகும். அதனால்தான் போர்மேசைக் குன்றுகள் படிப்படியாக இருக்கின்றன. பார்க்கக் கேக் அடுக்கு போல இருக்கிறதே என்று குறை சொல்கிறவர்கள் ஒருமுறை ஆடிப் பார்க்க வேண்டும். காட்டிலும் இதே பிரச்சினை. மரங்களை நெருக்கமாக ஒட்டிவிட்டால் படை உள்ளே நுழைய இடமிருக்காது. ஆகவே மரங்கள் கழற்றி வைக்கும்படி தனித்தனி அடிப்பாகத்தில் நிற்கும். காட்டின் எல்லையை மட்டும் தரையில் வேறு நிறத்தால் காட்டுவார்கள். ஆறடிக்கு நான்கடி மேசையில் எதுவும் அலங்காரத்துக்காக இருப்பதில்லை. குன்று வில்லாளியின் பார்வையை மறைக்கும், காடு நடையைப் பாதியாக்கும், சுவர் அம்பைத் தடுக்கும். நிலம் செய்கிறவர் போரின் பாதி முடிவை எழுதிவிடுகிறார்.

வார்ஹாமரின் எதிர்கால வடிவமான 'வார்ஹாமர் 40,000' வந்த 1987ஐ ஒட்டிய நாள்களில், சிட்டடெல்லிடம் விற்பதற்கு வாகனங்கள் அதிகம் இல்லை. அவர்களுடைய 'ஒயிட் டுவார்ஃப்' இதழே வாசகர்களுக்கு ஒரு வழி காட்டியது: தீர்ந்துபோன டியோடரண்ட் குப்பியைக் கிடத்தி, பிளாஸ்டிக் துண்டுகள் ஒட்டி, வண்ணம் பூசினால் மிதக்கும் பீரங்கி வண்டி தயார். லேக் ஜெனீவாவின் டைனோசரும் இந்தக் குப்பியும் கூடப்பிறந்தவை. சில ஆண்டுகளில் நிலைமை மாறியது. அந்த இதழ் தன் நிறுவனத்துப் பொருள்களை மட்டுமே பேசும் இதழானது. எல்லாமே பெட்டியில் வந்தன. உருவங்களின் நேர்த்தி கூடியது என்பதை மறுக்க முடியாது. ஆயினும், வெட்டி ஒட்டும் கையை வளர்த்த அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளைத்தான் இக்கலையின் வளமான காலம் என்பேன்.

கைகாக்ஸ் 2008இலும், ஆர்னெசன் 2009இலும், ஆன்செல் 2023இன் கடைசி நாள்களிலும் மறைந்தார்கள். ஆந்தைக்கரடி இன்னும் ஆட்டநூலில் இருக்கிறது.

அந்தக் காலத்து உருவங்களைத் தேடிச் சேர்க்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 1990களுக்கு முந்தைய உலோக உருவம் என்றால் பெரும்பாலும் ஈயம் கலந்தது. குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். அரம் போட்டுத் தேய்த்தால் தூளை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். ஓக் மரப் பேழையில் அடைத்து வைக்கவும் வேண்டாம்; அந்த மரம் கசியவிடும் அமில ஆவி பட்டு ஈயம் வெண்தூளாக உதிர்ந்துபோகும். இந்த ஈயத்தைத் தொழில் எப்படிக் கைவிட்டது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.